பாலிஷ் முடிந்தது, வேறு விசேஷம் இல்லை

நவம்பர் 11, திங்கள்

இன்று முதல் எங்களுக்குப் புதிதாக ஒரு பாடம். பெயர் புரொஃபஷனலிசம். பல் மருத்துவம் படிக்க வந்து நான்காவது வருஷம் நடக்கிறது. இப்போதுதான் கல்லூரிக்கு நினைவு வந்திருக்கிறது போலும். வாரத்துக்கு ஒரு மணி நேரம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. அதாவது தூங்குவதற்கென்றே கடவுள் ஒதுக்கிய நேரத்தில்.

நகம் வெட்டியிருக்க வேண்டும். முடியைக் கொண்டை போட வேண்டும். வெள்ளைக் கோட்டில் பெயர் வில்லை இருக்க வேண்டும். நோயாளியை “பல்செட் கேஸ்”, “சொத்தைப் பல் கேஸ்” என்று கூப்பிடாமல் பெயர் சொல்லி, மரியாதை கொடுத்துக் கூப்பிட வேண்டும். செய்வதற்கு முன்னால் என்ன செய்யப் போகிறோம் என்று அவரிடம் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். எல்லாம் தெரிந்ததுதான் என்று நினைத்துக்கொண்டே கொட்டாவி விட்டேன்.

அதோடு ஒரு ரிஃப்ளெக்டிவ் டைரி எழுத வேண்டுமாம். அன்றன்று கிளினிக்கில் என்ன கற்றோம், எங்கே தவறினோம், என்ன உணர்ந்தோம். பத்து மார்க். பல்செட் பிரிவின் ஸ்டீபன் சார்தான் திருத்துவார். நாம் செய்த தப்பை நாமே எழுதி, நமக்கு மார்க் போடுகிறவர் கையிலேயே கொடுக்க வேண்டும் என்று எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தாரோ. தப்பே பண்ணவில்லை என்றால் மார்க் கிடையாதா என்று அனீஸ் கேட்டாள். அனீஸ் பாத்திமா என் பக்கத்து நாற்காலி, ஹாஸ்டலில் என் அறை. எழுந்து நின்று சந்தேகம் கேட்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள். சார் அவளை உட்காரச் சொன்னார்.

ஆகவே இரண்டு நோட்டு. நீல அட்டை போட்டது டிபார்ட்மென்டுக்கு. அதில் நான் பொறுமையும் பணிவும் நிறைந்த பெண். இது எனக்கு. இதில் நான் செண்பகப்ரியா, கோவில்பட்டிக்காரி, வாய் கொஞ்சம் நீளம். இந்த நோட்டில் மட்டும் பொய் எழுதுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

நவம்பர் 13, புதன்

நீல நோட்டில்: “நோயாளியின் கண்ணைப் பார்த்துப் பேசுவதன் முக்கியத்துவத்தை இன்று உணர்ந்தேன்.” இன்று எனக்கு நோயாளியே வரவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

கிடைத்துவிட்டார்.

எங்கள் கஷ்டம் வெளியே இருப்பவர்களுக்குப் புரியாது. ஜனவரி பத்தாம் தேதிக்குள் ஆளுக்கு இரண்டு முழுப் பல்செட் செய்து முடிக்க வேண்டும். அதற்குப் பெயர் கோட்டா. முடிக்காவிட்டால் பொங்கலுக்குப் பிறகு பதினைந்து நாள் மறுபடி கிளினிக், படிப்பு விடுமுறை அம்போ. முழுப் பல்செட்டுக்கு வாயில் ஒரு பல்கூட இல்லாதவர் வேண்டும். பத்துப் பல் போனவர் நூறு பேர் வருவார்கள். சுத்தமாகப் போனவர் மாதத்துக்கு ஒருவர் வந்தால் அதிகம். பஸ்ஸில் ஏறினால் நாங்கள் சீட்டைப் பார்ப்பதில்லை, உட்கார்ந்திருக்கிறவர் வாயைப் பார்க்கிறோம். ஒன்றை எப்படியோ அக்டோபரில் முடித்துவிட்டேன். இரண்டாவதற்கு ஒரு மாதமாக அலைகிறேன்.

இன்று காலை ஓ.பி. ஹாலில் குடையை மடக்கிக்கொண்டு ஒருவர் நுழைந்தார். கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தது. மாடிப்படியில் நான். எதிர்வாசலில் எங்கள் பேட்ச் கிறிஸ்டோ. இரண்டு பேரும் ஓடினோம். நான் நான்கு படிகளைத் தாண்டிக் குதித்து முதலில் போய்ச் சேர்ந்தேன். அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

“ஒரே நேரத்துல ரெண்டு டாக்டரு ஓடி வாரீங்க. என் வாய் அவ்வளவு மோசமாவா இருக்கு?”

பெயர் வைகுண்டமணி. ஆலடிக்குளத்துக்காரர். லோடு ஆட்டோ ஓட்டுகிறார். வயது ஐம்பத்திரண்டுதான். ஈறு நோயில் ஒவ்வொன்றாக ஆடி, கடைசிப் பல்லையும் ஆடி மாதம் பிடுங்கியிருக்கிறார்கள். பல் இல்லாததால் பாதிச் சொல் காற்றாகத்தான் வருகிறது. ஆனாலும் பேச்சை நிறுத்துகிற ஆளாகத் தெரியவில்லை. என்னை டாக்டரம்மா என்கிறார். நான் திருத்தவில்லை.

நவம்பர் 26, செவ்வாய்

வைகுண்டமணி அண்ணாச்சிக்கு அளவு எடுத்தேன். அளவெடுக்கும் கலவையை வாயில் வைத்து மூன்று நிமிஷம் பேசாமல் இருக்கச் சொன்னேன். அவர் வாழ்க்கையிலேயே நீளமான மூன்று நிமிஷம் அதுவாகத்தான் இருக்கும்.

வாயிலிருந்து எடுத்ததும் சொல்ல ஆரம்பித்துவிட்டார். லோடு ஆட்டோ வயிற்றுக்காம். அவருடைய தொழில் கபடி வர்ணனை. முப்பது வருஷமாகச் சுற்று வட்டாரத்தில் எந்த ஊரில் கபடிப் போட்டி நடந்தாலும் மைக் அவர் கையில்தான். முன்பல் போன பிறகு ஒரு போட்டியில் “சங்கரன்கோவில் அணி” என்று சொல்லும்போது எச்சில் தெறித்து, சொல் விசிலாகப் போய்விட்டது. இளவட்டங்கள் மைக்கைப் பிடுங்கி அதேபோலச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். அன்றைக்கு மைக்கைக் கீழே வைத்தவர் இரண்டு வருஷமாகத் தொடவில்லை. இப்போது கமிட்டியில் யாரோ ஒரு பையன் லேப்டாப்போடு வருகிறானாம். புள்ளி எடுத்தால் யானை பிளிறுகிற சத்தம் போடுவானாம்.

இந்தக் காணும் பொங்கலுக்குச் சொந்த ஊரில் பெரிய போட்டி. ஜனவரி பதினாறு. காலையில் ஆரம்பித்தால் எட்டு மணி நேரம். அவரைக் கேட்டிருக்கிறார்கள். “பல்லு வந்தா வாரேன்னு சொல்லிருக்கேன்,” என்றார்.

அவருக்கு அவர் மைக், எனக்கு என் கோட்டா. மற்றபடி ஒன்றுமில்லை. சாயங்காலம் கபடி வர்ணனை வீடியோ ஒரு மணி நேரம் பார்த்தேன். பல்செட்டில் ச என்ற ஒலி சரியாக வருகிறதா என்று ஆராய்வதற்காகத்தான்.

டிசம்பர் 5, வியாழன்

ஊரெல்லாம் மழை. பாதிப் பேர் வரவில்லை. அண்ணாச்சி மட்டும் லோடு ஆட்டோவில், தலையில் உரச் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டார். மேல் தாடையும் கீழ்த் தாடையும் எந்த உயரத்தில் சேர வேண்டும் என்று மெழுகுக் கட்டையை வைத்துப் பார்க்கிற வேலை. நான்கு தடவை தப்பாகக் கடித்தார். ஐந்தாவது தடவை நான் தப்பாகப் பார்த்தேன். ஸ்டீபன் சார் வந்து, இந்த உயரத்தில் செய்தால் இவருக்குக் குதிரை முகம் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுபடி செய்தேன்.

டிசம்பர் 17, செவ்வாய்

இன்றைக்கு மெழுகில் பல் அடுக்கி, வாயில் வைத்துப் பார்க்கிற நாள். எனக்குப் பிடித்த நாள் இது. வெறும் வாய் திடீரென்று ஒரு முகமாகிறது.

அண்ணாச்சி மனைவி தங்கபுஷ்பம் அக்காவும் வந்திருந்தார். கண்ணாடியை அவர்தான் பிடித்துக்கொண்டார். அண்ணாச்சி தன்னைப் பார்த்ததைவிட அக்கா அண்ணாச்சியைப் பார்த்ததுதான் அதிகம். முன்பற்களுக்கு நடுவில் பழையபடி ஒரு சின்ன இடைவெளி வேண்டும் என்று அக்கா வெட்கப்பட்டுக்கொண்டே கேட்டார். கல்யாணத்துக்கு முன்னால் பார்த்த வாய் அப்படித்தான் இருந்ததாம். வைத்துக் கொடுத்தேன்.

பிறகு வர்ணனை செய்து பார்க்கச் சொன்னேன். முதலில் ச எல்லாம் விசிலடித்தது. முன்பல் இரண்டையும் நூலிழை அளவு உள்ளே தள்ளினேன். மறுபடி விசில். இன்னும் கொஞ்சம். மூன்றாவது தடவை கிளினிக்கே கேட்கிற மாதிரி வந்தது: “சட்டுன்னு திரும்புதான் சங்கரு, சறுக்கி விழுதான் சேகரு, சாமி வந்தாலும் சாய்க்க முடியாத சங்கரன்கோவிலு.” இருபது நாற்காலியிலும் வேலை நின்றது. வாயில் குழாயோடு படுத்திருந்த ஒருவர்கூடக் கை தட்டினார்.

எனக்கு அழுகை வந்தது. மாஸ்க் இருந்தது, நல்லதாகப் போயிற்று.

டிசம்பர் 25, புதன்

விடுமுறை. துணி துவைத்தேன். பக்கத்து அறை கேக் கொண்டுவந்து தந்தது.

ஜனவரி 3, வெள்ளி

பாலிஷ் முடிந்தது. வேறு விசேஷம் இல்லை.

அனீஸிடம் ரோஜா நிறப் பவுடர் கொஞ்சம் வாங்கினேன். எதற்கென்று அவள் கேட்கவில்லை. கோவில்பட்டி பஸ்ஸைத் தவற விட்டதால் ஊருக்குப் போகவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை, தலைவலி.

ஜனவரி 4, சனி

அண்ணாச்சிக்குப் பல்செட் கொடுத்தாயிற்று. ஸ்டீபன் சாருக்குத் தேர்வுக் கமிட்டி மீட்டிங். நின்றபடியே பார்த்து, “குட்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆறு நாள் மிச்சம் வைத்துக் கோட்டா முடிந்தது. எங்கள் பேட்ச்சில் நான் மூன்றாவது.

நீல நோட்டில்: “ஒரு நோயாளியின் புன்னகையே ஒரு மருத்துவருக்குக் கிடைக்கும் விருது என்பதை இன்று உணர்ந்தேன்.” எழுதிவிட்டு நோட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

ஜனவரி 6, திங்கள்

கோட்டா முடித்தவர் பேட்ச்சுக்குப் பரோட்டா வாங்கித் தர வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். எல்லாரும் கேட்டார்கள். வயிறு சரியில்லை என்றேன்.

அண்ணாச்சி பரிசோதனைக்கு வந்தார். எங்காவது உறுத்துகிறதா என்று கேட்டேன். உறுத்தலே இல்லையாம். முறுக்கு கடிக்கிறாராம். நான் கடிக்கக் கூடாது என்றதும் சின்ன முறுக்குத்தான் என்றார். கமிட்டிக்குச் சரி சொல்லிவிட்டாராம். லேப்டாப் பையனை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். நோட்டீஸிலும் பெயர் போட்டாயிற்று. நோட்டீஸை மடியிலிருந்து எடுத்துக் காட்டினார்: “வர்ணனை: நமது மண்ணின் குரல் வைகுண்டமணி.” எனக்கென்று ஒரு பிரதி கொடுத்தார்.

ஓ.பி. ஹாலில் உட்கார்ந்திருந்தவர்கள் கேட்டார்கள் என்று நின்றபடியே ஐந்து நிமிஷம் வர்ணனை. நான் கீழ்ப் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 7, செவ்வாய்

இந்த நோட்டிலும் பொய் எழுதிவிட்டேன். மூன்றாம் தேதிப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. இருக்கட்டும்.

நடந்தது இது. வெள்ளிக்கிழமை நாலே கால் பஸ்ஸைப் பிடித்து, ஓர் இரவு வீட்டில் தூங்கிச் சனிக்கிழமை காலை திரும்பிவிட வேண்டும் என்று அவசரம். பாலிஷ் மெஷினுக்குக் கீழே உள்ள தொட்டியில் ஈரத் துண்டை மடித்துப் போட வேண்டும். இரண்டாம் வருஷத்திலேயே சொல்லிக் கொடுத்தது. கை நழுவினாலும் பல்செட் துண்டில் விழும். துண்டு மாடியில் காய்ந்தது. போய் எடுத்து வர ஐந்து நிமிஷம் ஆகும். எடுக்கவில்லை. சுற்றுகிற துணிச் சக்கரம் கீழ்ப் பல்செட்டின் ஓரத்தைக் கவ்வி, என் கையிலிருந்து பிடுங்கிச் சுவரில் அடித்தது. சரியாக நடுவில் இரண்டாகப் போயிற்று.

லேபில் யாரும் இல்லை. அனீஸ் மட்டும் கதவருகில் கை கழுவிக்கொண்டிருந்தாள். அவள் திரும்பவில்லை. இரண்டு துண்டையும் மெழுகால் சேர்த்து, உடைந்த இடத்தில் பள்ளம் எடுத்து, பல்செட்டில் ஈறு செய்கிற ரோஜா நிறப் பவுடரைக் குழைத்து நிரப்பி, காயவிட்டு, மறுபடி பாலிஷ் போட்டேன். கோடு தெரியவில்லை. நான்கு வருஷத்தில் நான் செய்த வேலைகளிலேயே நேர்த்தியானது அதுதான். யாரிடமும் காட்ட முடியாது.

ஒட்டுப் போட்டது ஒட்டுப் போட்டதுதான். மெதுவாகச் சாப்பிட்டுப் பேசுகிறவர் வாயில் பல மாதம் தாங்கலாம். எட்டு மணி நேரம் அடித்தொண்டையில் கத்துகிறவர் வாயில் எப்போது விரிசல் விடும் என்று யாருக்கும் தெரியாது. நடு மைதானத்தில் உடைந்தால் ஒரு துண்டு தொண்டைக்குள் போகலாம். அப்படிப் போகாவிட்டாலும், ஊர் முழுக்கக் கூடியிருக்கிற இடத்தில் அவர் வாயிலிருந்து பாதிப் பல்செட் விழும். பிறகு அவர் ஒருநாளும் மைக்கைத் தொட மாட்டார்.

சொன்னால் சார் கையெழுத்தை ரத்து செய்வார். பதினான்காம் தேதி முதல் பொங்கல் விடுமுறை. பதினாறுக்குள் புதிதாகச் செய்ய முடியாமலும் போகலாம். சொல்லாவிட்டால் எல்லாருக்கும் சந்தோஷம்.

நாளைக்கு அண்ணாச்சியை வரச் சொல்லி போன் செய்திருக்கிறேன்.

ஜனவரி 8, புதன்

சிரித்துக்கொண்டே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மாஸ்க்கைக் கழற்றிவிட்டுச் சொன்னேன்.

“அண்ணாச்சி, கீழ்ப் பல்செட் பாலிஷ் போடும்போது என் கையிலருந்து தப்பி ரெண்டா உடைஞ்சிட்டு. ஒட்டித்தான் உங்களுக்குக் குடுத்தேன். உங்ககிட்டயும் சொல்லல, சார்கிட்டயும் சொல்லல.”

பல்செட்டைக் கழற்றி, உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுபடி வாயில் போட்டுக்கொண்டார்.

“நல்லாத்தான இருக்கு,” என்றார்.

எங்கே விரியும், விரிந்தால் என்ன ஆகும் என்று விளக்கினேன். அவர் முகம் கடுத்தது.

“நீங்க இதச் சொல்லாமலே இருந்திருக்கலாம்லா. நான் பாட்டுக்குச் சந்தோசமா இருந்தேன்.”

புதிதாக ஒன்று செய்ய எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். ஐந்து நாள், சார் சம்மதித்தால் என்றேன். சம்மதிக்காவிட்டால் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அவருக்கு இதைக் கழற்றிக் கொடுக்கவே பயம். கையில் இருப்பதும் போய், புதியதும் வராமல், பதினாறாம் தேதி வெறும் வாயோடு நிற்க வேண்டுமா என்று கேட்டார். நியாயம்தானே. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தார். போகும்போது டாக்டரம்மா என்று சொல்லவில்லை.

ஜனவரி 9, வியாழன்

ஸ்டீபன் சாரிடம் சொன்னேன். அண்ணாச்சி பல்செட்டைத் தரவில்லை, ஆதலால் என்னிடம் இருந்தது வாய்ச் சொல் மட்டும்தான். ரெக்கார்டைத் திறந்து வைத்து, அவர் கையெழுத்துப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

பத்து நிமிஷம் திட்டு வாங்கினேன். கிளினிக் முழுக்கக் கேட்டது. கிறிஸ்டோ தன் நோயாளிக்குக் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுக்க மறந்து நின்றான். பிறகு சார் தன் கையெழுத்தைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் இன்றைய தேதி போட்டார். பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்தார்.

“நானும் பாக்கலையே,” என்றார். அது எனக்குச் சொன்னதல்ல.

அப்புறம், நோயாளி என்ன சொன்னார் என்று கேட்டார். யோசிக்கிறார் என்றேன். அவர் சரி என்றால் நாளை காலை எட்டரைக்கு வரச் சொல், வேண்டாம் என்றால் வற்புறுத்தாதே, வாய் அவருடையது என்றார்.

சாயங்காலம் அண்ணாச்சியே கூப்பிட்டார். புதியது வரும்வரை ஒட்டுப் போட்டது அவரிடமே இருக்குமா என்று ஒரே கேள்வி. இருக்கும் என்றேன். கூட்டமாக இருக்கிற இடத்தில் போட்டுக்கொண்டு கத்தக் கூடாது, அவ்வளவுதான் என்றேன்.

“அப்ப வாரேன்,” என்று வைத்துவிட்டார்.

ஜனவரி 10, வெள்ளி

காலையில் அளவு, மதியம் மறுபடி துல்லியமான அளவு. அண்ணாச்சி அதிகம் பேசவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நோட்டீஸ் போர்டில் கோட்டா பட்டியல் ஒட்டியாயிற்று. செண்பகப்ரியா, முழுப் பல்செட்: ஒன்று. இருபதாம் தேதி முதல் பதினைந்து நாள் மறுபடி கிளினிக். இன்னும் ஒரு நோயாளியையும் தேட வேண்டும், திருத்திச் செய்வதைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அம்மாவிடம் போனில் சொன்னேன். அம்மா பெருமூச்சு விட்டு, பொங்கலுக்காவது வருவாயா என்றாள். பதிமூன்று ராத்திரி வருகிறேன் என்றேன்.

வைத்ததும் பசித்தது. ஒரு வாரத்தில் முதல் பசி. நான்கு பரோட்டா சாப்பிட்டேன். அனீஸ் ஐந்து. பேட்ச்சில் மற்றவர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். கோட்டா முடியாததற்கு விருந்து வைத்த முதல் ஆள் நான்தான் என்று கிறிஸ்டோ சொன்னான்.

ஜனவரி 12, ஞாயிறு

ஹாஸ்டல் காலி. எல்லாரும் பொங்கலுக்குப் போய்விட்டார்கள். அனீஸின் வீடு மேலப்பாளையத்தில்தான், ஆட்டோவில் இருபது நிமிஷம். அவளும் போகவில்லை. மெஸ் மேஜையில் பழைய பேப்பரை விரித்து, நேற்று சாயங்காலம் சரி பார்த்த உயரத்தில் கீழ்ப் பல் பதினான்கையும் அடுக்கினேன். அவள் மெழுகைச் சூடாக்கிக் கொடுத்தாள். ஜன்னல் வழியாக வெயில் நேராக மேஜையில் விழுந்தது. பல் அடுக்க அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது.

அன்றைக்குப் பவுடர் எதற்கென்று ஏன் கேட்கவில்லை என்று அவளிடம் கேட்டேன்.

“கேட்டா நீ பொய் சொல்லிருப்ப. அப்புறம் உன்கூட எப்படி ஒரே ரூம்ல இருக்க?”

மெழுகு ஆறியது. பிறகு அவள் ஆறாவது பல் கோணல் என்றாள். கோணலாகத்தான் இருந்தது.

ஜனவரி 13, திங்கள், போகி

ஸ்டீபன் சாரே வந்து லேபைத் திறந்தார். வீட்டில் பரண் சுத்தம் செய்கிற வேலையிலிருந்து தப்பித்த சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. அவர் மனைவி மூன்று தடவை போன் செய்தார். மூன்று தடவையும் அவசர கேஸ் என்றே சொன்னார்.

காலையில் மெழுகுப் பல்லை வாயில் வைத்துப் பார்த்தோம். அண்ணாச்சி ச எல்லாம் சொன்னார், சரியாக இருந்தது. மதியம் அச்சில் அடைத்துக் கொதிநீரில் வேக வைத்தோம். அண்ணாச்சி போகாமல் லேப் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். அவ்வப்போது எட்டிப் பார்த்து, வெந்துருச்சா என்று கேட்டார். தங்கபுஷ்பம் அக்கா தூக்குச் சட்டியில் புளியோதரை கொடுத்து விட்டிருந்தார். சாரும் சாப்பிட்டார்.

நாலு மணிக்குப் பாலிஷ். தொட்டியில் ஈரத் துண்டு இரண்டு. அனீஸ் பக்கத்தில் கையை விரித்துக்கொண்டு, பந்து பிடிக்கிற ஆள் மாதிரி நின்றாள். பல்செட் என் கையிலேயே இருந்தது. சார் வாங்கி, ஜன்னலருகே போய், ஐந்து நிமிஷம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். “குட்” என்று எழுதவில்லை. நேரமும் தேதியும் எழுதினார்.

அண்ணாச்சி போட்டுப் பார்த்தார். பழையதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்து, மேஜையில் வைத்துவிட்டார். “பதினாறு வந்துருங்க டாக்டரம்மா,” என்றார்.

நீல நோட்டையும் இன்றே கொடுத்தேன். நடந்ததை நடந்தபடி பதினோரு பக்கம் எழுதியிருந்தேன். சார் அங்கேயே நின்று படித்தார். எழுத்துப் பிழை மூன்றைத் திருத்திவிட்டுத் திருப்பித் தந்தார்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். வீடு. தூக்கம்.

ஜனவரி 16, வியாழன், காணும் பொங்கல்

ஆலடிக்குளம் பஸ் ஸ்டாப்பில் இறங்கும்போதே குரல் கேட்டது. அனீஸ் என் கையைப் பிடித்து அழுத்தினாள். நானும் அழுத்தினேன். இரண்டு பேரும் மைதானம்வரை ஓடினோம், நோயாளியைப் பிடிக்க ஓடுகிற ஓட்டம்.

டிராக்டர் டிரெய்லர்தான் மேடை. அண்ணாச்சி வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கழுத்தில் துண்டு. சிறுவர் முதல் பெரியவர்வரை மைதானத்தைச் சுற்றி ஆயிரம் பேர் இருப்பார்கள். எதிரணி வீரன் கோட்டைத் தாண்டியதும் அண்ணாச்சி குரலைத் தணிப்பார். மைதானமே தணியும். வீரனைப் பிடித்ததும் அந்தக் குரல் ஏறும் பாருங்கள், பக்கத்து வேப்பமரத்துக் காக்கைகள் எழும்பிவிட்டன. ஒரு சொல் நழுவவில்லை. “சுத்தி நிக்கான் ஏழு பேரு, சொந்த ஊருல மொத பேரு, செல்வத்த சாய்க்க எவன் பேரு.” எனக்கு அந்த விளையாட்டில் யார் ஜெயித்தார்கள் என்று தெரியாது. நான் ச எண்ணிக்கொண்டிருந்தேன்.

அரையிறுதி முடிந்து இடைவேளை விட்டார்கள். அண்ணாச்சி தண்ணீர் குடித்துவிட்டு மைக்கைத் தட்டினார்.

“ரெண்டு வருசமா வைகுண்டமணி எங்கன போனான்னு கேட்டீங்கள்லா. பல்லு இல்ல, அதான் வரல. இப்ப வாயில இருக்க இந்தப் பல்லு, அந்தா மஞ்சச் சுடிதார் போட்டு நிக்காங்கள்லா, அந்த டாக்டரம்மா செஞ்சது. மொத செஞ்சத ஒடைச்சிட்டாங்க.”

பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. ஆயிரம் பேரும் திரும்பினார்கள். ஓடப் பார்த்தேன், அனீஸ் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“ஒடைச்சத ஒட்டித் தந்தாங்க. எனக்குத் தெரியவே தெரியாது, நான் முறுக்கு தின்னுக்கிட்டு இருந்தேன். பெறவு அவங்களே கூப்பிட்டு உக்கார வெச்சு, அண்ணாச்சி நான்தான் ஒடைச்சேன்னு சொன்னாங்க. எனக்குக் கோவம் வந்துச்சு, பொய் சொல்லல. லீவு நாள்ல இருந்து புதுசு செஞ்சு தந்தாங்க. காலைலருந்து கத்துதேன், அசையல. ஒரு கை தட்டுங்க.”

தட்டினார்கள். சிலர் விசிலும் அடித்தார்கள். நான் வணக்கம் சொன்னேனா, அழுதேனா என்று சரியாக நினைவில்லை. அனீஸைக் கேட்டால் இரண்டும் என்கிறாள்.

கை தட்டல் அடங்கியதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓர் அம்மா என்னிடம் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் சுண்டல் பொட்டலம், ஆனால் தின்னவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அவ்வோ சொன்னது நெசமா? நீங்களா போயா சொன்னீங்க?”

ஆமாம் என்றேன். உடனே சொல்லவில்லை, ஐந்து நாள் கழித்துத்தான் சொன்னேன் என்றும் சொன்னேன். அந்தக் கணக்கை அண்ணாச்சி மைக்கில் விட்டுவிட்டார்.

அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார். பிறகு வாயைத் திறந்து காட்டினார். மேலே ஒன்றும் இல்லை, கீழே ஒன்றும் இல்லை. மூன்று வருஷமாக இப்படித்தானாம். எந்த டாக்டரிடமும் போகவில்லையாம். உள்ளே என்ன செய்கிறார்கள் என்று நமக்கு என்ன தெரியும், செய்ததைச் சொல்லவா போகிறார்கள் என்று கேட்டார்.

நான் இன்னும் படிக்கிற பிள்ளைதான், என் வேலையைப் பார்க்க மேலே ஒரு சார் இருப்பார், ஏழெட்டுத் தடவை வர வேண்டியிருக்கும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதையெல்லாம் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அவருக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்க வேண்டியிருந்தது.

“எனக்கு ஒடைச்சாலும் சொல்லுவீங்களா?”

“அன்னைக்கே சொல்லுவேன்க்கா.”

“அப்ப எழுதிக்கோங்க,” என்றார். “பேச்சித்தாய். திங்கக்கெழம வாரேன்.”